இரண்டு லட்சத்தைக் கொடுத்துப் பத்தை வாங்கிய கதை



எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கும் பிள்ளைகள் எங்கள் ஓமந்தூர்ப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். காலையில் திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி என்று பஸ் ஏறிப் போய்ப் படித்துவிட்டு வருகிறார்கள். இவர்கள் எல்லோரும் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாளாவது கையில் எடுக்கும் சின்னக் கறுப்புச் சில்லு ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் நான்கு நான்காக எட்டுக் கால்கள். பெயர் 741. இந்த வகைக்குப் பொதுப் பெயர் ‘ஆப்பரேஷனல் ஆம்ப்ளிஃபையர்’, சுருக்கமாக ‘ஆப்-ஆம்ப்’. நம் பழைய பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் ‘செயல்பாட்டுப் பெருக்கி’ என்று படித்தது சிலருக்கு நினைவிருக்கும்.

அந்தப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “ஐயா, இந்தச் சில்லு மின்னழுத்தத்தை இரண்டு லட்சம் மடங்கு பெருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஆனால் லேபில் நாங்கள் சுற்று கட்டினால் பத்து மடங்குதான் வருகிறது. அப்படித்தான் வரவேண்டும் என்று சாரும் சொல்கிறார். மீதிப் பெருக்கம் எங்கே போயிற்று?”

நல்ல கேள்வி. சூத்திரத்தை எழுதிப் போட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது, வரலாற்றைச் சொன்னால்தான் புரியும். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. கணக்கும் கொஞ்சம் வரும். ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், பயப்பட வேண்டாம்.

*பெருக்கம் என்றால் என்ன?*

மயிலம் பங்குனி உத்திரத்திலோ, ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் கூத்திலோ மைக் செட் கட்டுகிறார்கள். மைக்கின் முன்னால் பேசினால் அதிலிருந்து வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்தான். ஒரு வோல்ட்டை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மில்லிவோல்ட். அதை வைத்துக்கொண்டு குழாய் ஒலிபெருக்கியை அசைக்க முடியாது. நடுவில் ஒரு பெருக்கி வேண்டும். உள்ளே 5 மில்லிவோல்ட் போய் வெளியே 5 வோல்ட் வந்தால் பெருக்கம் 1000. வெளியே வருவதை உள்ளே போனதால் வகுக்கிறோம், அவ்வளவுதான்.

இந்தக் கூடுதல் சக்தி எங்கிருந்து வருகிறது? ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையை ஒரு ஆள் கையால் தூக்குகிறான். பாய்வது ஏரித் தண்ணீர், அவன் கைபலம் அன்று. பெருக்கியும் ஒரு மதகுதான். சிறிய மின்னழுத்தம் பலகையை ஏற்றி இறக்குகிறது, மின்கலமோ பவர் சப்ளையோ ஏரியாக இருந்து தண்ணீரைக் கொடுக்கிறது. ஏரியில் இருப்பதைவிட அதிகமாகப் பாயாது. 15 வோல்ட் கொடுத்து இயக்கும் சில்லு, பெருக்கம் 1000 என்பதற்காக 1 வோல்ட்டை 1000 வோல்ட் ஆக்கிவிடாது. 13, 14 வோல்ட்டிலேயே முட்டி நின்றுவிடும். அலையின் தலை வெட்டுப்படும். திருவிழாக் குழாயில் குரல் கரகரவென்று கிழிந்து கேட்கிறதே, பெரும்பாலும் அதற்கு இதுதான் காரணம்.

*பெருக்கிகள் பிறந்தன, கூடவே தொல்லையும் பிறந்தது*

1906-இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் என்பவர் மூன்று மின்முனை கொண்ட வால்வை உருவாக்கினார். சிறிய மின்னழுத்தத்தைப் பெரிதாக்கும் கருவி மனிதன் கைக்கு வந்தது. 1915-இல் நியூயார்க்கிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ வரை தொலைபேசித் தொடர்பு தொடங்கப்பட்டது. கம்பியில் போகப் போகக் குரல் தேயும் அல்லவா? வழியில் ஆங்காங்கே வால்வுப் பெருக்கிகளை வைத்துக் குரலைத் தூக்கிவிட்டார்கள்.

வால்வுக்கு நிலைபுத்தி கிடையாது. புதிதாக இருக்கும்போது ஒரு பெருக்கம், பழையதானால் வேறு பெருக்கம். மின்சாரம் ஏறி இறங்கினால் அதுவும் மாறும். அதோடு அலையின் வடிவத்தையும் கொஞ்சம் சிதைத்துவிடும். ஒரே ஒரு பெருக்கி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வரிசையாகப் பத்து வைத்தால் என்ன ஆகும்?

ஒவ்வொன்றிலும் பெருக்கம் 10 சதவீதம் கூடிவிட்டது என்று வையுங்கள். 1.1-ஐப் பத்து முறை பெருக்கினால் ஏறத்தாழ 2.6 வரும். குரல் இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிடும். ஒவ்வொன்றிலும் 10 சதவீதம் குறைந்துவிட்டால் 0.9-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும், 0.35 வரும். குரல் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒரே கம்பியில் பல உரையாடல்களை அனுப்ப நினைத்தபோது சிக்கல் இன்னும் பெரிதாயிற்று. ஒருவர் பேச்சின் சிதைவு இன்னொருவர் பேச்சில் போய் விழுந்தது.

ஆக 1920-களில் பொறியாளர்களுக்கு வந்த தலைவலி, பெருக்கம் போதவில்லை என்பது அன்று. பெருக்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்பது.

*படகில் வந்த யோசனை*

இந்தத் தலைவலியை ஆறு ஆண்டு சுமந்தவர் ஹரால்டு பிளாக். பெல் ஆய்வகத்தில் பொறியாளர். முதலில் எல்லோரையும் போல அவரும் நல்ல வால்வு செய்யப் பார்த்தார். சரிப்படவில்லை. 1927 ஆகஸ்ட் 2, செவ்வாய்க்கிழமை காலை. ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்போது வயது 29. திடீரென்று விடை பொறி தட்டியது. கையில் இருந்த செய்தித்தாளின் வெறும் பக்கத்திலேயே படத்தையும் சமன்பாட்டையும் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். ஆய்வகம் போனதும் உடன் பணியாற்றிய ஒருவரிடம் விளக்கிச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அப்படி என்ன எழுதினார்? பெருக்கியின் வெளியீட்டில் ஒரு சிறு பங்கை எடுத்து, தலைகீழாக்கி, மறுபடி உள்ளீட்டுக்கே கொண்டுவா. உள்ளே வந்தது என்ன, வெளியே போனதன் பங்கு என்ன என்று பெருக்கியே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வித்தியாசம் இருந்தால் அதை மட்டும் பெருக்கட்டும். இதற்குப் பெயர் எதிர்ப் பின்னூட்டம்.

இப்படிச் செய்தால் பெருக்கம் பயங்கரமாகக் குறையும். அதனால்தான் இதைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். பாடுபட்டுச் சம்பாதித்த பெருக்கத்தை யாராவது தூக்கி எறிவார்களா? 1928-இல் கொடுத்த காப்புரிமை விண்ணப்பத்துக்கு 1937 டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது. ஒன்பது ஆண்டுகள்! பிரிட்டனின் காப்புரிமை அலுவலகமோ, தானே என்றென்றும் ஓடும் எந்திரம் செய்திருக்கிறேன் என்று வருகிறவர்களின் மனுவைப் போலத்தான் தம் மனுவையும் நடத்தியது என்று பிளாக் பின்னாளில் எழுதினார். ஆனால் 1927 டிசம்பர் முடிவதற்குள்ளேயே அவர் ஆய்வகத்தில் செய்து காட்டிவிட்டார். சிதைவு ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

*தராசைப் பார்த்துப் புரிந்துகொள்வோம்*

திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் எடை போடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். நடுவில் தாங்குமிடம், இரண்டு பக்கமும் கைகள், மேலே முள். இரண்டு கையும் சமமாக இருந்தால் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோதான் நேர் நிற்கும். தாங்குமிடத்தை நகர்த்தி ஒரு கையை இன்னொரு கையைவிடப் பத்து மடங்கு நீளமாக்குங்கள். இப்போது நீளக் கையில் 1 கிலோ வைத்தால், குட்டைக் கையில் 10 கிலோ வைத்தால்தான் முள் நேராகும். வியாபாரத்தில் இப்படிச் செய்தால் ஊரே திரண்டு வந்துவிடும். நமக்கு இது உதாரணம்தான்.

தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எடைக்காரரைக் கவனியுங்கள். அவருக்கு எத்தனை கிலோ என்று கணக்குத் தெரிய வேண்டியதில்லை. முள் சாய்ந்தால் குட்டைக் கையில் எடையைக் கூட்டு, மறுபக்கம் சாய்ந்தால் குறை, நேரானதும் நிறுத்து. இந்த ஒரு வேலை தெரிந்தால் போதும். நீளக் கையில் 2 கிலோ வைத்தீர்களா, குட்டைக் கையில் 20 வந்து நிற்கும். 3 வைத்தால் 30.

அந்த எடைக்காரர்தான் ஆப்-ஆம்ப். முள்ளைப் பார்க்கும் அவர் கண்ணின் கூர்மைதான் அந்த இரண்டு லட்சம். பத்து என்ற பெருக்கத்தைத் தருவது கைகளின் நீள விகிதம். எடைக்காரரின் கண் அதைத் தருவதில்லை. கண் ஓரளவு கூர்மையாக இருந்துவிட்டால், அதைவிட இரட்டிப்புக் கூர்மையானவர் வந்து உட்கார்ந்தாலும் விடை 10 கிலோதான்.

சுற்றில் அந்த இரண்டு கைகள் எவை? இரண்டு மின்தடைகள். வெளியீட்டுக்கும் தரைக்கும் நடுவே 9 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என இரண்டு மின்தடைகளை வரிசையாகப் போடுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் வெளியீட்டில் பத்தில் ஒரு பங்கு கிடைக்கும். அதைச் சில்லின் எதிர் உள்ளீட்டுக்கு, அதாவது 2-ஆம் காலுக்குக் கொடுங்கள். நம் சமிக்ஞையை 3-ஆம் காலுக்குக் கொடுங்கள். 6-ஆம் கால் வெளியீடு. வெளியீட்டின் பத்தில் ஒரு பங்கு உள்ளே வந்ததற்குச் சமமாகும் வரை சில்லு வெளியீட்டை ஏற்றிக்கொண்டே போகும். சமமாக வேண்டுமென்றால் வெளியீடு உள்ளீட்டைப் போலப் பத்து மடங்கு இருந்தாக வேண்டும். முடிந்தது கதை.

முழுக்கச் சமமாகுமா என்று கேட்டால், ஆகாது. முள் ஒரு மயிரிழை சாய்ந்தே இருக்கும். வெளியே 10 வோல்ட் வர வேண்டுமானால் இரண்டு உள்ளீட்டுக்கும் நடுவே 10-ஐ 2,00,000-ஆல் வகுத்த அளவு, அதாவது 50 மைக்ரோவோல்ட் வித்தியாசம் வேண்டும். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரோவோல்ட். அவ்வளவு சின்னச் சாய்வு. புத்தகத்தில் இரண்டு உள்ளீட்டு மின்னழுத்தமும் சமம் என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்களே, அதன் பொருள் இதுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். திறந்த பெருக்கம் 2,00,000. பத்தில் ஒரு பங்கு பின்னூட்டம். கிடைக்கும் பெருக்கம்: 2,00,000-ஐ 20,001-ஆல் வகுக்க வேண்டும். விடை 9.9995. சில்லு சூடாகி அதன் பெருக்கம் பாதியாக, 1,00,000 ஆகக் குறைந்துவிட்டது என்று வையுங்கள். 1,00,000-ஐ 10,001-ஆல் வகுத்தால் 9.9990.

சில்லின் சக்தியில் பாதி போய்விட்டது, வெளியே தெரிந்த மாற்றம் நான்காவது தசமத்தில் 5. பிள்ளைகள் கேட்ட மீதிப் பெருக்கம் இங்கேதான் இருக்கிறது. முள்ளை நேராக வைத்திருக்கும் வேலையில் முழுதாகச் செலவாகிக்கொண்டிருக்கிறது.

*கூத்து மேடையில் மைக் ஏன் ஊளையிடுகிறது?*

பின்னூட்டத்துக்கு இன்னொரு முகம் உண்டு. கூத்தில் கட்டியங்காரன் மைக்கை எடுத்துக்கொண்டு குழாயின் எதிரே போய்விட்டால் “கீ...” என்று காதைக் கிழிக்கும். குழாயின் ஓசை மைக்கில் புகுந்து, பெருகி, மறுபடி குழாயில் வந்து, மறுபடி மைக்கில் புகுகிறது. திரும்பி வரும் பங்கு வித்தியாசத்தைக் குறைக்காமல் கூட்டிவிடுகிறது. இது நேர்ப் பின்னூட்டம்.

எதிர்ப் பின்னூட்டம் கொடுத்த பெருக்கியும் சில நேரம் இப்படியே ஊளையிட்டது. காரணம் தாமதம். ஊஞ்சல் நம்மிடமிருந்து விலகும்போது தள்ளினால் வேகம் கூடும், நம்மை நோக்கி வரும்போது தள்ளினால் நிற்கும். நிறுத்த நினைத்துத் தள்ளுகிறவன் கொஞ்சம் தாமதித்தால் அந்தத் தள்ளே வேகத்தைக் கூட்டிவிடும். வேகமாக மாறும் சமிக்ஞை பெருக்கியைச் சுற்றி வரும்போது இப்படித் தாமதமாகி, எதிர் நேராகிவிடுகிறது. எப்போது ஊளையிடும், எப்போது இடாது என்று சொல்லும் விதியை 1932-இல் ஹாரி நைக்விஸ்ட் எழுதினார். திருத்தம் சரியான நேரத்தில் வர வேண்டும், காலம் தவறினால் திருத்தமே கேடாகும் என்பது அதன் சாரம்.

*1947: பெயர் வைத்தார்கள்*

இரண்டாம் உலகப் போரில் இந்தப் பெருக்கிக்குப் புது வேலை வந்தது. பறக்கும் விமானத்தைச் சுட வேண்டுமானால், குண்டு போய்ச் சேரும்போது அது எங்கே இருக்கும் என்று கணித்துச் சுட வேண்டும். பெல் ஆய்வகத்தின் டேவிட் பார்க்கின்சன் என்ற இளம் பொறியாளர் 1940-இல் ஒரு கனவு கண்டார். தாம் ஆய்வகத்தில் செய்துகொண்டிருந்த வரைபடக் கருவியின் மின்தடைத் திருகு ஒரு பீரங்கியோடு இணைந்திருப்பது போலக் கனவு. அந்தக் கனவிலிருந்து எம்-9 என்ற பீரங்கி வழிகாட்டி பிறந்தது. எண்களுக்குப் பதில் மின்னழுத்தங்களை வைத்துக் கூட்டிக் கழித்துக் கணக்குப் போடும் எந்திரம் அது. அதற்கான கூட்டல் பெருக்கியை கார்ல் ஸ்வார்ட்செல் வடிவமைத்தார், காப்புரிமைக்கு 1941-இல் விண்ணப்பம் போயிற்று. 1944-இல் இங்கிலாந்தின் மேல் ஜெர்மனி ஏவிய வி-1 பறக்கும் குண்டுகளைச் சுட்டு வீழ்த்தியதில் எம்-9-க்குப் பெரிய பங்கு உண்டு.

போர் முடிந்தபின், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜான் ரகாசினியும் உடன் இருவரும் எழுதிய கட்டுரை 1947 மே மாதம் வெளியாயிற்று. கூட்டல், கழித்தல், தொகையிடல் முதலிய கணிதச் செயல்களைச் செய்யும் பெருக்கி என்ற பொருளில் ‘ஆப்பரேஷனல் ஆம்ப்ளிஃபையர்’ என்ற பெயரை வைத்தவர்கள் இவர்கள்தாம். ஆப்பரேஷன் என்றதும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஆஸ்பத்திரியை நினைப்பார்கள். இது கத்தி இல்லாத ஆப்பரேஷன்.

அந்த 1947 எங்கள் ஊருக்கும் மறக்க முடியாத ஆண்டு. அந்த மார்ச் 23-இல்தான் எங்கள் மண்ணின் ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அவர் கோட்டைக்குப் போன இரண்டே மாதத்தில் உலகின் மறுபக்கம் இந்தப் பெருக்கிக்குப் பெயர் சூட்டு விழா. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் ஓமந்தூர்ப் பிள்ளைகள் ஆண்டை மறக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மின்னழுத்தத்தால் கணக்குப் போடும் எந்திரங்கள் நம் நாட்டுக்கும் விரைவில் வந்தன. 1953-இல் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சமரேந்திர குமார் மித்ரா பத்து மாறிகள் கொண்ட ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒப்புமைக் கணினி ஒன்றை உருவாக்கினார். சென்னையிலோ, சி. ராஜம் அவர்கள் 1949-இல் குரோம்பேட்டையில் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, எலக்ட்ரானிக்ஸைத் தனித் துறையாகவே வைத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது.

*அலமாரியிலிருந்து நகத்துக்கு*

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபில்பிரிக்கின் நிறுவனம் கே2-டபிள்யூ என்ற ஆப்-ஆம்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் இரண்டு வால்வுகள். மேலே 300 வோல்ட், கீழே 300 வோல்ட் கொடுக்க வேண்டும். பெருக்கம் ஏறத்தாழ 15,000. கடையில் வாங்கிச் செருகிக்கொள்ளலாம் என்பதே அன்றைக்குப் பெரிய புதுமை.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, பல டிரான்சிஸ்டர்களை ஒரே சிலிக்கான் துண்டில் செதுக்கும் கலையும் வந்தது. ஃபேர்சைல்டு நிறுவனத்தில் பாப் விட்லர் என்ற மேதை 1965-இல் 709 என்ற சில்லை வடிவமைத்தார். குடியும் கோபமும் குறும்பும் நிறைந்தவர் என்று அவரைப் பற்றிக் கதைகள் பல உண்டு. கைவேலையில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் 709-ஐப் பயன்படுத்துகிறவர்கள் ஊளையிடாமல் தடுக்க வெளியே தனியாக மின்தேக்கியும் மின்தடையும் சேர்க்க வேண்டியிருந்தது. 1968-இல் அதே நிறுவனத்தின் டேவ் ஃபுல்லகர் 741-ஐ வடிவமைத்தார். 30 பிக்கோஃபேரட் அளவுள்ள ஒரு குட்டி மின்தேக்கியைச் சில்லின் உள்ளேயே வைத்துவிட்டார். நைக்விஸ்ட் சொன்ன ஆபத்துக்கு உள்ளேயே கடிவாளம். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செருகலாம், ஊளையிடாது. அரை நூற்றாண்டு தாண்டியும் ஆய்வுக்கூடங்களில் 741 இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் எதையும் சும்மா கொடுப்பதில்லை. அந்த மின்தேக்கி சில்லை மெதுவாக்கிவிடும். 741-இன் இரண்டு லட்சம் என்ற பெருக்கம், நொடிக்கு ஐந்து அலை வரைக்கும்தான் முழுதாகக் கிடைக்கும். அதற்கு மேல் அலைவேகம் கூடக் கூடப் பெருக்கம் குறையும். பெருக்கத்தையும் அலைவெண்ணையும் பெருக்கினால் ஏறத்தாழ பத்து லட்சம். அதைத் தாண்டாது. பெருக்கம் 10 வைத்தால் 1,00,000 ஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். 100 வைத்தால் 10,000. பேராசைப்பட்டு 1000 வைத்தால் 1000 ஹெர்ட்ஸ்தான், மனிதக் குரலின் தெளிவு அதற்குள் அடங்காது. 1000 வேண்டுமென்றால் 32 மடங்கு பெருக்கும் இரண்டு சுற்றுகளை அடுத்தடுத்து வையுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30,000 ஹெர்ட்ஸ் வரை தாங்கும். ஒரே ஆள் தலையில் முழு மூட்டையையும் ஏற்றாமல் இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுப்பது போல.

*இதனால் நமக்கு என்ன?*

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நெஞ்சு வலி என்று ஒருவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ கொண்டுபோனதும் முதலில் ஈசிஜி எடுக்கிறார்கள். இதயத்தின் மின்துடிப்பு தோலில் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்தான். அதைப் பல நூறு மடங்கு பெருக்கினால்தான் தாளில் கோடு விழும். அந்த வேலையைச் செய்வது ஆப்-ஆம்ப் குடும்பத்துச் சில்லுகளே.

தாளில் ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் உயரம் என்பது உலகம் முழுவதும் ஒரே வழக்கம். கோட்டின் ஒரு பகுதி ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மாரடைப்பா என்பதை மருத்துவர் எடை போடுகிறார். ஒரு மில்லிமீட்டர் என்பது பத்தில் ஒரு மில்லிவோல்ட். பெருக்கம் சித்திரை வெயிலில் ஒன்றும் மார்கழிக் காலையில் ஒன்றுமாக இருந்தால் என்ன ஆகும்? இல்லாத உயர்வு தாளில் தெரியும், அல்லது இருக்கும் உயர்வு தெரியாமல் போகும். பெருக்கம் பெரிதாக இருந்து பயனில்லை, சொன்னபடி இருக்க வேண்டும். ஹரால்டு பிளாக் படகில் கண்ட விடை இன்றைக்கு நம் ஊர் மனிதரின் உயிருக்குக் காவல் நிற்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். நம் உடம்பே ஒரு ஆன்டெனா. சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலை அது வாங்கிக்கொள்கிறது. இதயத் துடிப்பைவிட அந்த இரைச்சல் பெரிது. அதை எப்படி ஒழிக்கிறார்கள்? இரண்டு கையிலும் பொதுவாக இருப்பது இரைச்சல், வித்தியாசமாக இருப்பது துடிப்பு. வித்தியாசத்தை மட்டும் பெருக்கும் சுற்றை வைக்கிறார்கள். அது போதாதென்று, பொதுவான இரைச்சலைத் தலைகீழாக்கி வலது காலில் மாட்டும் கம்பி வழியாக உடம்புக்கே திருப்பி அனுப்புகிறார்கள். உடம்பையும் சேர்த்துக்கொண்டு ஒரு எதிர்ப் பின்னூட்டம்! இதயத் துடிப்பு எடுக்கக் காலில் ஏன் கம்பி மாட்டுகிறார்கள் என்று யோசித்தவர்களுக்கு விடை இது.

அடுத்த முறை வீட்டில் யாருடைய ஈசிஜி தாளையாவது பார்த்தால், கோட்டின் தொடக்கத்திலோ முடிவிலோ பெட்டி போல நேராக ஏறி இறங்கும் ஒரு குறியைத் தேடுங்கள். பெரும்பாலான தாள்களில் இருக்கும். அதன் உயரம் பத்துச் சிறு கட்டங்கள். ‘ஒரு மில்லிவோல்ட்டுக்கு நான் இவ்வளவு உயரம் காட்டுகிறேன்’ என்று கருவி போடும் கையெழுத்து அது. பாதி அளவில் எடுத்த தாள் என்றால் ஐந்து கட்டம் இருக்கும், மருத்துவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். நோய் என்ன என்பதை மருத்துவர் சொல்லட்டும். அளவுகோல் எங்கே இருக்கிறது என்பது நமக்கும் தெரிந்திருக்கட்டும்.

*மாணவர்களுக்கு*

சூத்திரத்தை மனப்பாடம் செய்து ‘ஆர்-எஃப் பை ஆர்-ஒன்’ என்று எழுதினால் மதிப்பெண் வரும். ஆனால் நேர்முகத் தேர்வில் ‘திறந்த பெருக்கம் பாதியானால் என்ன ஆகும்?’ என்று கேட்டால் மனப்பாடம் கைகொடுக்காது, தராசுதான் கைகொடுக்கும். இன்னும் ஆழமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். சென்னை ஐஐடியில் பல்லாண்டு கற்பித்த பேராசிரியர் கே. ராதாகிருஷ்ண ராவ் அவர்களின் வகுப்புகள் என்பிடெல் தளத்தில் காணொளியாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில்தான். நிறுத்தி நிறுத்திக் கேட்டால் நம் பிள்ளைகளுக்குப் புரியாதது எதுவும் இல்லை. பேருந்துப் பயணத்தில் போகும் நேரத்தில் பாதியை அதற்குக் கொடுங்கள்.

இந்த வரலாற்றில் நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்ப்பது ஒன்று. வால்வைச் சரிசெய்ய முயன்றவர்கள் எல்லோரும் குறையில்லாத பொருளைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. பிளாக், குறையுள்ள பொருளை அப்படியே ஏற்றுக்கொண்டார். அது செய்ததை அதற்கே திருப்பிக் காட்டி, வித்தியாசத்தைத் தானே திருத்திக்கொள்ள வழி செய்தார். அதற்கு அவர் கொடுத்த விலை பெருக்கம். வாங்கியது நம்பகம். இரண்டு லட்சம் கொடுத்துப் பத்து வாங்கினால் நஷ்டம் என்று தோன்றும். வாங்கியது எந்த நாளும், எந்த வெயிலிலும் மாறாத பத்து என்று தெரிந்தபின் அப்படித் தோன்றாது.

 எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். துறை அறிந்த நண்பர்கள் மேலும் விளக்கம் இருந்தால் கீழே எழுதுங்கள், பிள்ளைகளுக்குப் பயன்படும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓமந்தூர்